முதல் சுருள் திரும்பி வந்தது

மாதா துணை

கோச்சடை, மதுரை
3.2.1987

தம்பி இன்பசேகரனுக்கு,

அக்கா ஆனிமேரி எழுதுவது. உன் கல்யாணத்துக்குப் பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. ஐந்து வருஷமாகிவிட்டது. இதையும் ஆஸ்பத்திரி வேலைக்காகத்தான் எழுதுகிறேன். வேறு எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எண்பது, எண்பத்தொன்றில் நம் மிஷன் ஆஸ்பத்திரி வீடு வீடாகப் போய் எடுத்த தொழுநோய்க் கணக்கெடுப்பை நீதான் கம்ப்யூட்டரில் ஏற்றினாய். பகுதிக்கு ஒன்றாக ஆறு டேப் சுருள்கள். அவை என் ஆவண அறையில்தான் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் மாற்றி வைக்கிறேன். வீட்டில் பால் கெட்டாலும் கெடும், அந்த அறையில் ஒரு பூசணம் ஏறாது.

இப்போது சிக்கல் என்னவென்றால், அதைப் படிக்கும் பல்கலைக்கழகத்து மெஷினை வருகிற ஜூனில் கழற்றப் போகிறார்களாம். பிறகு இந்தப் பக்கத்தில் அந்தச் சுருளைப் படிக்க ஒரு மெஷினும் கிடையாது. இருந்தும் இல்லாததாகிவிடும். கணக்கெடுத்த காகிதங்களை எண்பத்தைந்து மழையில் கரையான் தின்றுவிட்டது. புது மாத்திரை கொடுக்க இன்னும் நானூற்றுப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட வேண்டும். யாருக்கு எந்த வகை நோய் என்பது அந்தச் சுருளில் மட்டும்தான் இருக்கிறது.

டைரக்டர் டாக்டர் ஞானமுத்து ஃபிளாப்பிக்கு மாற்றச் சொல்லிவிட்டார். கே.கே. நகரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பேச்சிமுத்து என்பவர் இலவசமாகவே செய்து தருவதாக வந்தார். நல்ல மனுஷர். எந்தக் கட்டத்தில் என்ன பதிந்திருக்கிறது என்ற தாள் வேண்டும் என்கிறார். அது உன்னிடம்தான் இருக்கும். அனுப்பு.

அம்மா நலம்.

ஆனிமேரி


சூளைமேடு, சென்னை
14.2.1987

அக்கா,

கடிதம் கிடைத்தது. அந்தத் தாள் என்னிடம் இல்லை. இருந்தாலும் அனுப்ப மாட்டேன்.

மெஷின் போகிறதென்றால் போகட்டும். சுருளை அப்படியே விட்டுவிடு. ஏழு வருஷத்துக் கணக்கு, பாதிப் பேர் இடம் மாறியிருப்பார்கள். யாரோ ஒருவர் எதற்கு இலவசமாகச் செய்ய வருகிறார் என்று நீ கேட்டாயா? உன் அறையிலிருந்து ஒரு சுருளையும் வெளியே கொடுக்காதே. காரணம் கேட்காதே.

என் மீது உனக்குக் கோபம் என்று தெரியும். கல்யாணத்தன்று அம்மாவைக் கடைசி வரிசையில் உட்கார வைத்ததற்கு நான் சொன்ன காரணம் உனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் ரெஜினாவுக்கோ மாமனார் வீட்டில் யாருக்குமோ எதுவும் தெரியாது. அப்படியே இருக்கட்டும்.

அம்மா சாப்பிடுகிறாளா?

இன்பசேகரன்


மாதா துணை

கோச்சடை
22.2.1987

தம்பி,

காரணம் கேட்காதே என்று எழுத நீ யார்? நான் ஆவண அறைப் பொறுப்பாளர். பொருளைச் சாக விடுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. கேட்டு வருகிறவருக்கு எடுத்துக் கொடுக்க முடியாவிட்டால் அது நூலகம் இல்லை, கிட்டங்கி.

நீ பயப்பட என்ன இருக்கிறது? சுருளில் பேர் கிடையாது, வெறும் எண்தான் என்று எண்பத்திரண்டில் நீயே எழுதிக் கையெழுத்துப் போட்ட அறிக்கை என் ஃபைலில் இருக்கிறது. எந்த எண் யார் என்கிற பேரேடு இரும்பு பீரோவில் இருக்கிறது. சாவி என் இடுப்பில். எண்பத்து நான்கில் புது மாத்திரைக்கு முதலில் மதுரை மேற்கு ஆட்களைக் கூப்பிட்டபோது சுருளிலிருந்து எண்கள் வந்தன. நான் பேரேட்டைப் பார்த்து விலாசம் எழுதினேன். அன்றைக்கு அம்மாவின் எண் வராததைக் கண்டு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? இனி மாத்திரை தேவையில்லாத அளவுக்குக் குணமாகிவிட்டது என்று கோச்சடைக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். நீ அந்த நேரத்தில் சென்னையில் இருந்தாய்.

அம்மா சாப்பிடுகிறாள். நீ எப்போது வருவாய் என்று கேட்பதை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது.

நீ தாள் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. பேச்சிமுத்து ஒரு சுருளைக் கொடுங்கள், நாங்களே பிரித்துப் பார்க்கிறோம் என்றார். முதல் சுருளை, அதாவது மதுரை மேற்குப் பகுதியை, கையெழுத்து வாங்கிக்கொண்டு நேற்றுக் கொடுத்துவிட்டேன். கோயம்புத்தூரில் மெஷின் இருக்கிறதாம்.

ஆனிமேரி


சூளைமேடு
26.2.1987

அக்கா,

இதைப் படித்ததும் கிளம்பிப் போய்ச் சுருளை வாங்கு. அவர் இருக்கிறாரா, கோயம்புத்தூர் போயிருக்கிறாரா என்று பார்க்காதே, வாங்கு.

பேர் இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்த அறிக்கை பொய். பதினொன்றாம் கட்டத்திலிருந்து பேர், அடுத்து ஊர், அடுத்து கதவு எண், நாற்பத்தைந்தாம் கட்டத்தில் நோயின் வகைக்கு ஒரு எண். பேரும் ஊரும் இங்கிலீஷ் எழுத்தில், யார் அச்சடித்தாலும் படிக்கிற மாதிரி. பேரை எடுக்கச் சொன்னார்கள். அதற்கு மூன்று வாரம் வேலை இருந்தது. எனக்கு இங்கே வேலையில் சேரப் பத்து நாள்தான் இருந்தது. எண்பத்து நான்கில் வந்த பட்டியலில் எண் மட்டும் அச்சாகும்படி எழுதிவைத்திருந்தேன், அதனால் உனக்குத் தெரியவில்லை. உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது.

இன்பசேகரன்


மாதா துணை

கோச்சடை
11.3.1987

தம்பி,

உன் கடிதம் வரும் முன்பே சுருள் திரும்பி வந்துவிட்டது. ஐந்தே நாள். நான் ஒட்டிய சீட்டு, நான் கட்டிய நூல், எல்லாம் சரியாக இருந்தது. கூடவே, வேலை ஒழுங்காக நடந்ததைக் காட்ட, மாதிரிக்குப் பதினொரு பக்கம் அச்சடித்து ஒரு உறையில் போட்டு, நன்றிக் கடிதமும் வைத்திருந்தார்.

முதல் பக்கத்தின் முதல் வரியைப் படித்தேன். நாலு தெரு தள்ளி இருக்கிற வாத்தியார் பேர். அவர் மனைவியோடு ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சில் உட்காருகிறேன். மடித்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். மற்ற பக்கங்களைப் பார்க்கக் கை வரவில்லை.

இருபது வருஷமாக எது வெளியே போகிறது, எது திரும்பி வருகிறது என்று பார்ப்பதே என் தொழில். ஒரு புத்தகம் போனால் அலமாரியில் இடைவெளி இருக்கும். இது போனதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

நேற்றுத் தெரிந்தது. வார்டு ஆயா ஒச்சம்மாளை உனக்கு ஞாபகம் இருக்கும், ஒத்தக்கடை பஸ்ஸில் நமக்கு இடம் பிடித்து வைப்பாள். அவள் மகன் தவசி திருமங்கலம் ரோட்டில் ஒரு மில்லில் வேலை பார்க்கிறான். நேற்று பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கோரிப்பாளையத்தில் கூட்டம் இறங்கும் வரை பொறுத்திருந்தாள். பிறகு என் காதோடு சொன்னாள்:

“மேரியம்மா, எண்ணூறு பேரு வேலை பாக்குற மில்லு. ஆறு பேர மட்டும் பேர் சொல்லிக் கூப்புட்டு சட்டையக் கழத்தச் சொல்லிருக்காக. எம் மகன் முதுகுல ஒரு தேமல் கெடந்துச்சே, எட்டு வயசுல மாத்திரை தின்னு போயிருச்சே, அது அவன் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாதும்மா. எனக்கும் உங்க ஆஸ்பத்திரிக்கும்தான் தெரியும். நாஞ் சொல்லல.”

அவ்வளவுதான் சொன்னாள். ‘நாஞ் சொல்லல’ என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இனி என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

ஆனிமேரி


சூளைமேடு
17.3.1987

அக்கா,

நகல் எடுத்தால் சுருளில் ஒரு கீறல்கூட விழாது. எத்தனை நகல் எடுத்தார்கள் என்று அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் முதல் சுருளை மறந்துவிடு. மற்ற ஐந்தும் உன் கையில்தான் இருக்கின்றன.

மெஷின் அறையில் அழிப்பான் ஒன்று இருக்கும், தோசைக்கல் அளவு வட்டமாக. சுருளை அதன்மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், எல்லாம் போய்விடும். ஒருவேளை அதைத்தான் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் நானூற்றுப் பன்னிரண்டு பேர் என்று எழுதியிருந்தாய். அதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தப் பதினொரு பக்கத்தை எரித்துவிடு. படிக்க வேண்டாம்.

இன்பசேகரன்


மாதா துணை

கோச்சடை
31.3.1987

தம்பி,

பேச்சிமுத்துவைப் பார்க்கப் போனேன். குளிர்ந்த அறை, கண்ணாடிக் கதவு, செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். மரியாதையாக எழுந்து நின்றார். காபி வரவழைத்தார்.

“அக்கா, ஒங்க டப்பா ஒங்ககிட்ட வந்துருச்சுல்ல? அப்புறம் என்னத்தக் காணோம்னு தேடுறீக?” என்றார்.

“அதுல உள்ள பேரு மில்லுக்கு எப்படிப் போச்சு?”

“கேட்டாக, குடுத்தேன். அவுகளுக்குத் தொழிலாளிக ஒடம்பு நல்லாருக்கணும். இன்னும் எம்புட்டுப் பேரு கேட்டு வாராக தெரியுமா? பொண்ணு குடுக்குறவுக, வீடு வாடகைக்கு விடுறவுக. இதெல்லாம் பூட்டி வைக்கிற சமாச்சாரமாக்கா? ஊருக்கு உபகாரம்.”

“அவங்க குணமானவங்க. தவசி எட்டு வயசுல குணமானவன்.”

“அது அதுல போடலியே” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னார். நோய் இருந்ததா என்று ஒரு கட்டம் உண்டு, போனதா என்று கட்டம் இல்லையாம். பிறகு கேட்டார்: “மீதி அஞ்சுல திருமங்கலம், மேலூரெல்லாம் வருமில்ல?”

நான் காபியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அவர் ஏதோ ஆராய்ச்சி அறக்கட்டளையின் தாளில் டைரக்டருக்கு எழுதியிருக்கிறார். டாக்டர் ஞானமுத்து சம்மதித்துக் கையெழுத்தும் போட்டாயிற்று. நான் போய்ச் சொன்னேன். அறிக்கையை எடுத்துக் காட்டி, “பேர் இல்லைன்னு உங்க தம்பியே எழுதியிருக்காரே, ஆனிமேரி” என்றார். பதினொரு பக்கத்தைக் காட்டினேன். அது பழைய சுருளின் கோளாறாக இருக்கும், மற்றவற்றைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். பார்ப்பதற்கும் பேச்சிமுத்துவைத்தான் கூப்பிடுவார். ஏப்ரல் பதினைந்தாம் தேதி ஐந்து சுருளும் போகிறது.

அந்தப் பக்கங்களை நான் எரிக்கவில்லை. படித்தேன். கோச்சடை ஏழாம் பக்கத்தில் வருகிறது. நம் தெரு. கதவு எண் பதினேழில் இரண்டு இருக்கிறது. அடுத்த வரி பதினேழில் நான்கு.

பதினேழில் மூன்று எங்கே, இன்பம்?

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. போன வெள்ளிக்கிழமை காலை அம்மா அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்கினாள். துணி வைத்துப் பிடிக்கவில்லை. வாசனை வந்து நான் ஓடிப் போனபோதும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “பால் பொங்கல, நீ ஏன் ஓடியார?” என்று கேட்கிறாள். உள்ளங்கை வெந்து பாத்திரத்தில் ஒட்டியிருக்கிறது.

வார்டு டாக்டர் பார்த்தார். நோய் திரும்பி வந்து மூன்று வருஷமாவது இருக்குமாம். இரண்டு கையிலும் நரம்பு போய்விட்டது. “எண்பத்து நாலில் கூப்பிட்டோமே, அப்ப ஏன் வரல?” என்று அம்மாவைக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள்.

நீ என்ன செய்தாய்?

ஆனிமேரி


சூளைமேடு
6.4.1987

அக்கா,

ஒரு அட்டையை எடுத்தேன்.

எண்பத்திரண்டு ஜனவரி. ஆளுக்கு ஒன்றாகத் துளையிட்டு வைத்திருந்த கம்ப்யூட்டர் அட்டைகளைச் சுருளில் ஏற்றும் நாள். ரெஜினாவின் சித்தப்பா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார், மெஷின் அறைக்கு வந்துபோகிறவர். நிச்சயம் ஆகி எட்டு நாள். எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். சூசையம்மாள், கோச்சடை, பதினேழில் மூன்று. கட்டிலிருந்து உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வைகைப் பாலத்தில் நின்று கிழித்துப் போட்டேன்.

மற்றவர்களின் பேரை எடுக்க மூன்று வாரம் ஆகும் என்று உனக்கு எழுதினேன். அது உண்மைதான். ஆனால் அந்த மூன்று வாரம் என்னிடம் இல்லாமல் போனதற்கு வேலை மட்டும் காரணம் இல்லை. நம் பேர் போன பிறகு எனக்கு அவசரம் போய்விட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

புது மாத்திரை வரும், அந்தச் சுருளைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று எழுத ஆசைதான். செய்திருப்பேனோ என்னவோ.

பன்னிரண்டாம் தேதி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். பதின்மூன்று, பதினான்கு இரண்டு நாளும் மெஷினில் நேரம் கேட்டுத் தந்தி கொடுத்திருக்கிறேன். ஐந்து சுருளையும் நீ எடுத்துக்கொண்டு வா. பேரையும் கதவு எண்ணையும் எடுத்துவிட்டு எண்ணையும் நோயின் வகையையும் மட்டும் வைத்துப் புதுச் சுருள் எழுதிவிட்டுப் பழையதை அழிக்கலாம். பேரேடு உன் பீரோவில் இருக்கட்டும்.

அம்மாவிடம் நான் வருவதாகச் சொல்ல வேண்டாம். கதவைத் திறப்பாளா என்று பார்க்கிறேன்.

இன்பசேகரன்


மாதா துணை

கோச்சடை
10.5.1987

தம்பி,

என்னை இடைநீக்கம் செய்துவிட்டார்கள். நீ ரயிலேறி ஒரு வாரத்தில் ஆர்டர் வந்தது. ஆவணங்களை அழித்த குற்றம். பேரேட்டையும் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். பேரேடு அறையை விட்டுப் போகக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். வாங்கி என்ன, நான் அங்கே இல்லை.

மூன்று சுருள் நல்லபடியாக மாறியது, அதை டாக்டரிடம் ஒப்படைத்தேன். அதிலிருந்து இருநூற்று எண்பத்தைந்து பேருக்குக் கடிதம் போகத் தொடங்கியிருக்கிறது என்று கேள்வி. மற்ற இரண்டு, திருமங்கலமும் அதற்கு மேற்கே உள்ளதும், என் மனதிலிருந்து போக மாட்டேனென்கிறது. பதினான்காம் தேதி சாயங்காலம், பேச்சிமுத்துவின் வேன் ஒரு நாள் முன்னதாகவே மெஷின் அறை வாசலில் வந்து நின்றதும் நீ, “இன்னும் ஒரு நாள் கிடைச்சா போதும்க்கா” என்றாய். கிடைக்காது என்று நமக்குத் தெரியும். நீ அழிப்பதற்குச் சுருளை எடுக்கப் போனாய். நான்தான் பிடுங்கினேன். நீ ஒரு பாவம் செய்தாயிற்று, இது என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இருபது வருஷம் துடைத்து வைத்த கையால் அந்த அழிப்பான் வட்டத்தின் மேல் வைத்துச் சுற்றினேன். லேசாக உறுமியது. அவ்வளவுதான்.

நூற்று இருபத்தேழு பேர். பேரேட்டில் உள்ள அத்தனை பேரில் மாத்திரை வேண்டியவர்கள் யார் யாரென்று இப்போது யாருக்கும் தெரியாது. ஞாபகத்தில் இருந்த ஊர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு தினமும் திருமங்கலம் பஸ் ஏறுகிறேன். ஆனால் ஆஸ்பத்திரிக்காரி என்று பஸ் ஸ்டாண்டிலேயே என்னைத் தெரிகிறது. நான் எந்த வாசலில் நிற்கிறேனோ அந்த வீட்டை ஊர் பார்க்கிறது. முந்தாநாள் ஒரு அம்மா, பேர் முத்துத்தாய், என்னைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, “நீங்க வேற வீட்டுக்கு வந்திருக்கீக, போயிருங்க” என்று கத்தினாள். அவள் கதவைச் சாத்திய விரல்களை நான் பார்த்தேன். அவளுக்கு மாத்திரை வேண்டும். நான் போய்விட்டேன்.

தவசியை மில்லில் நிறுத்திவிட்டார்கள். அவன் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் திருப்பூருக்குப் போயிருக்கிறான். நல்லா இருக்கேன், தேட வேண்டாம் என்று ஒரு கார்டு, விலாசம் இல்லாமல். டவுன் வரை ஒரே பஸ்தான் என்றாலும் ஒச்சம்மாள் இப்போது எனக்கு இடம் பிடிப்பதில்லை. நின்றுகொண்டே வருகிறாள்.

அம்மா புது மாத்திரை சாப்பிடுகிறாள். தோல் கறுத்துவிட்டது, அதனால் சிடுசிடுப்பு. நீ கையைப் பிடித்ததை அவள் உணரவில்லை என்று ரயிலடியில் என்னிடம் அழுதாய். அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், தம்பி. எத்தனை நேரம் பிடித்திருந்தாய் என்றுகூட எனக்குச் சொன்னாள்.

அக்கா


சூளைமேடு
12.6.1987

அக்கா,

ரெஜினாவிடம் சொல்லிவிட்டேன். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தாள். மூன்றாம் நாள், “அத்தை கைக்கு இங்க ஆபரேஷன் பண்ண முடியுமான்னு விசாரிச்சீங்களா?” என்றாள். விசாரித்திருக்கிறேன். மாத்திரை ஒரு கட்டம் முடிந்ததும் அம்மாவை அழைத்து வா. இங்கே எங்களோடு இருக்கட்டும். மாமனார் வீட்டில் என்ன சொல்வார்களோ தெரியாது. சொல்லட்டும்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். நேற்று என் ஆபீசுக்கு ஒருவர் வந்தார். பேச்சிமுத்து அனுப்பியதாகச் சொன்னார். பழைய அறிக்கையில் என் பேரைப் பார்த்துத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நாற்பத்தைந்தாம் கட்டத்தில் வருகிற எண்களுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு ஒரு ஃபிளாப்பியைக் கொடுத்தார். எனக்கும் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று வாங்கி மெஷினில் போட்டேன்.

முதல் சுருள்தான். ஆயிரத்து எண்பத்து மூன்று பேர், நான் வைத்த அதே வரிசையில். பதினேழில் இரண்டு, அடுத்தது பதினேழில் நான்கு. அது இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் வரியின் கடைசியில் நான் எழுதாத கட்டங்கள் இருந்தன. பிள்ளைகளின் பேர், வயது, எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாவது வகுப்பு. எல்லா வரியிலும் இல்லை. முதல் முந்நூறு வரிக்கு நிரப்பியிருக்கிறார்கள். யாரோ நம்மைப் போலவே வீடு வீடாகப் போய் விசாரித்து வருகிறார்கள். ஊரில் யாரும் கதவைச் சாத்தவில்லை போலிருக்கிறது.

ஃபிளாப்பியை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கை போனது. வந்தவர் சிரித்துக்கொண்டே, “கெட்டுப்போனாலும் பரவால்ல சார், எங்ககிட்ட நாலு இருக்கு” என்றார். எண்ணின் அர்த்தம் எனக்குத் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வேறு யாரையாவது கேட்பார்கள்.

போவதற்கு முன் தவசியின் பேரைத் தேடிப் பார்த்தேன். பழைய விலாசத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தார்கள். பனியன் கம்பெனியில் சேர்ந்த தேதிகூட இருக்கிறது, மே இருபத்தெட்டு. அவன் அம்மாவுக்கே தெரியாது என்று நீ எழுதியிருந்தாய்.

ஒச்சம்மாளிடம் இதைக் கொடுப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. கொடுத்தால் எப்படிக் கிடைத்தது என்று கேட்பாள். கொடுக்காவிட்டால், அவளைத் தவிர எல்லோரிடமும் இருக்கும். நீயே முடிவு செய்துகொள்.

தவசி, மூன்றாவது லைன் வீடு, பட்டறைக்குப் பின்புறம், காங்கயம் ரோடு, திருப்பூர்.